பண்ருட்டியில் ஆலையை மூடினால் கினி பிசாவில் என்ன ஆகும்?

புதுவை மாணவி:
வணக்கம். 2020-இல் கொரோனாவிலிருந்து தம் மக்களைக் காக்க அரசுகள் எடுத்த முடிவுகள் பிற ஏழை நாடுகளின் வளர்ச்சியை எவ்வாறு பாதித்தன என்பது என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பு. படிக்கும் நூல்களிலெல்லாம் 'உலகளாவிய அதிர்ச்சி' என்ற சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஓர் அரசின் ஆணை, கடல் கடந்து வேறொரு நாட்டு உழவரைச் சென்று தொட்ட வழியைப் படிப்படியாகக் காட்டும் உதாரணம், முடிந்தால் நம் பகுதியிலிருந்தே, யாரிடமாவது உண்டா?

காடாம்புலியூர் வியாபாரி:
எங்கள் முந்திரித் தொழிலே அந்த உதாரணம்தான், அம்மா. ஆண்டு முழுவதும் ஆலை ஓட உள்ளூர் முந்திரிக்கொட்டை போதாது. மீதி மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ் நாடுகளிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறது. அங்கே அறுவடை சூடுபிடிக்கும் பருவத்தில், 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதலே ஊரடங்கு என்றார்கள். அவித்து ஆறப்போட்ட கொட்டை அப்படியே கிடந்தது. கொட்டைப்பால் பட்டுக் கை புண்ணாகாமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைக்கும் தாழ்வாரத்தில், சாம்பல் சட்டிகள் மட்டும் இருந்தன.

ஆலை ஓடாதபோது கொட்டை வாங்குவது யார்? ஐவரி கோஸ்ட் அரசு அந்தப் பருவத்துக்குக் கிலோவுக்கு 400 பிராங்க் (அந்நாட்டு நாணயம்) அடிப்படை விலை அறிவித்திருந்தும், அந்த விலை கிடைக்காமல் பல உழவர்கள் குறைத்து விற்றார்கள். அடுத்த ஆண்டு அரசே அதை 305 ஆக்கிவிட்டது. கினி பிசாவ் நிலை இன்னும் இக்கட்டு. அந்நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் கொட்டைதான். அங்கே கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கும் பண்டமாற்றும் உண்டு. கொட்டை விலை இறங்கினால் அன்றாடச் சோற்றின் அளவு குறையும்.

மஞ்சக்குப்பம் ஓய்வாசிரியர்:
வியாபாரி ஐயா சொன்னது சரி. ஆனால் ஊரடங்கை மட்டும் குற்றவாளியாக்கி ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். பெரும்பாலான அரசுகள் கடையை மூடச் சொல்லின. கடன் வாங்கி மக்களுக்கு ஈடுகட்டும் வசதி சிலவற்றுக்கே இருந்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த ஜாம்பியா, 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட இயலாமல் தவறியது. ஜி20 நாடுகள் அறிவித்த தவணை நிறுத்தம் அரசுகள் கொடுத்த கடனுக்குத்தான்; கடன் பத்திரம் வைத்திருந்த தனியார் அதில் சேரவில்லை. 2021 ஆகஸ்டில் பன்னாட்டு நாணய நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புக்குச் சிறப்பு எடுப்பு உரிமைகளை (தேவைப்படும்போது பிற நாட்டு நாணயமாக மாற்றிக்கொள்ளத்தக்க கையிருப்பை) ஒதுக்கியபோதும், உறுப்பு நாடுகளின் பங்குவீதப்படியே பிரித்ததால், ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஏறத்தாழ 3,300 கோடிதான் போய்ச் சேர்ந்தது. பெரிய இலைக்காரனுக்கே மறுசோறு. அதே ஆண்டில் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுநகர்க்காரன்:
நம் அரசையும் விட்டுவிடக் கூடாது. 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவுடன் சேர்ந்து, தடுப்பூசி உள்ளிட்டவற்றின் காப்புரிமையைத் தளர்த்தும்படி உலக வர்த்தக அமைப்பில் கேட்டது இந்தியா. 2021 மார்ச் இறுதியில் தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தி, ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்க ஏற்படுத்திய கோவேக்ஸ் என்னும் பன்னாட்டுத் திட்டத்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளை மாதக்கணக்கில் காக்க வைத்ததும் இந்தியாவே. அந்த மே மாதம் சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் படுக்கை தேடிக் கடலூருக்கும் புதுச்சேரிக்குமாக அலைந்தவன் நான். ஏற்றுமதியைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே நாட்டின் உற்பத்தியை அவ்வளவு நம்பிய ஏற்பாட்டைத்தான் குறை சொல்வேன்.

புதுவை மாணவி:
மூவருக்கும் நன்றி. முந்திரியை முதல் இயலாக வைத்துக்கொள்கிறேன். ஐயா, அந்த ஆண்டுகளின் கொள்முதல் கணக்கைப் பார்க்க இயலுமா?

காடாம்புலியூர் வியாபாரி:
வாருங்கள், எடுத்து வைக்கிறேன். ஆலைப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். 2020 ஏப்ரல் பக்கத்தில் கொள்முதல் ஒன்றும் இருக்காது. கூலி முன்பணம் கொடுத்த வரிகள் மட்டும் இருக்கும்.