தங்கைக்குப் பொருத்தமான ரத்தம் கிடைக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியா, பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த். தங்கைக்குத் தலசீமியா மேஜர் (உடம்பில் ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய்), வயது 19, ரத்த வகை ஓ பாசிட்டிவ். சிறு வயதிலிருந்தே மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். ஜூனிலிருந்து, பை பாதி இறங்குவதற்குள் உடம்பு தூக்கிப்போடுகிறது, பல் கிட்டுகிறது, காய்ச்சல் 39 டிகிரி. உடனே நிறுத்திவிடுகிறார்கள்.

வெள்ளணு வடிகட்டிய ரத்தம், முன்கூட்டியே பாராசிட்டமோல், இரண்டும் பார்த்தாயிற்று. பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பை எண் எல்லாம் இரண்டு தாதியர் சரிபார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். பரிசோதனையில் ஆன்டி-ஈ எதிரணு தெரிந்தது, அதாவது ‘ஈ’ என்ற கூறு உள்ள சிவப்பணுக்களை அவள் உடம்பு எதிர்க்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறதாம், அது பிடிபடவில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களுக்கு இப்படி எதிரணு உருவாகுமாம். அதனால் ஓ வகை கிடைத்தால் மட்டும் போதாது, இந்த எதிரணுக்களுக்கும் பொருந்த வேண்டும். ஹீமோகுளோபின் 6.2க்கு இறங்கிவிட்டது.

பினாங்கிலிருந்து மருத்துவமனை வழியாகக் கோலாலம்பூர் தேசிய ரத்த மையத்துக்கு மாதிரி அனுப்பியவர்களே, பொருத்தமான ரத்தம் கைக்கு வர எத்தனை நாள் ஆனது?