'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா?

இங்கிலாந்தில் பணிபுரியும் செவிலியர்:

மதுரையில் படித்த எனக்கு 'ரன்' என்றால் ஓடு, அவ்வளவுதான். இங்கே வார்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மிரண்டுபோனேன். காய்ச்சல் அடித்தால் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. டாக்டர் வரத் தாமதமானால் 'ரன்னிங் லேட்'. கையுறை தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'.

ஓர் இரவுப் பணியில் மூத்த செவிலியர் ஒரு லிட்டர் சலைன் பையைக் கொடுத்து, 'ரன் இட் த்ரூ' என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். முழுவதையும் வேகமாக ஏற்றச் சொல்கிறாரோ? நோயாளியோ இதயம் பலவீனமான முதியவர். எனக்கு நெஞ்சு படபடத்தது. பின்னாலேயே போய்க் கேட்டேன். குழாயில் காற்று இல்லாதபடி சலைனை நிரப்பி வைப்பதைத்தான் அப்படிச் சொன்னாராம். ஏற்றும் வேகத்தைச் சொல்லும்போது 'ரன் இட் ஓவர் ட்வெல்வ் அவர்ஸ்' என்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில், அதாவது மணிக்குச் சுமார் 83 மில்லி. அன்றிலிருந்து 'ரன்' காதில் விழுந்தால் அதற்கு அடுத்து வரும் சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

நீங்கள் பின்னாலேயே போய்க் கேட்டது மிகச் சரி அம்மா. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்'. பிறகு அந்த இடம் 'ரன்' வசம் வந்தது. 2011-ல் வெளியான தகவலின்படி வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள்!

'ஹி ரன்ஸ் எ ஷாப்' என்று கரும்பலகையில் எழுதினேன். 'அவர் கடைக்கு ஓடுகிறார்' என்றாள் ஒரு மாணவி. திருத்தினேன். 'கடை நன்றாக ஓடுகிறது என்கிறோமே சார்?' என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்றும் நினைத்து மகிழ்கிறேன். நம் 'ஓடு' மட்டும் இளைத்ததா? படம் நூறு நாள் ஓடுகிறது, கவலையில் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் தமிழில் கடை தானாக ஓட வேண்டும். முதலாளி அதை நடத்துகிறார். 'ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் படுத்துவிட்டது என்று புரிந்துகொள்வோம். ஆங்கில 'ரன்'னில் அந்த வருத்தம் கிடையாது.

அமெரிக்காவிலிருந்து ஒருவர்:

இங்கே தேர்தல் வந்தால் 'ரன்னிங் ஃபார் மேயர்' என்கிறார்கள். பிரிட்டனில் அதற்கு 'ஸ்டாண்ட்'. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம், பக்கத்து வீட்டுப் பெண்மணி மேயர் பதவிக்கு ஓடுகிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். 'தேர்தலில் நிற்கிறாளா?' என்று அம்மா உடனே சரியாகக் கேட்டார்.