விர்ச்சுவல்பாக்ஸ் பேக்கப்பை மீட்டால் பழைய நிலைதான் வருகிறது, ஏன்?

கருப்புத்திரை:
பழைய கணினியில் மதர்போர்டு போய்விட்டது. அதில் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) ஒரு உபுண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மரியாடிபி தரவுத்தளம், கணக்குவழக்கு எல்லாம். நல்லவேளை, மெஷின் ஃபோல்டர் முழுவதற்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறது. புதுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, புது மெஷின் ஒன்றை உருவாக்கி, பேக்கப்பில் இருந்த பெரிய விடிஐ கோப்பை (மெஷினின் வட்டு) அதில் மாட்டினேன். பூட் ஆகிறது, லாகின் ஆகிறது, ஆனால் இருப்பதெல்லாம் போன வருடத் தரவு! பேக்கப் எடுத்தது சமீபத்தில்தான். இடையில் எழுதியதெல்லாம் எங்கே?

வட்டுப்பித்தன்:
முதலில் அந்த மெஷினை அணையுங்கள், மறுபடி பூட் செய்யாதீர்கள். போன வருடம் ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் அன்றைய நிலையைப் பதிந்துவைப்பது, எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் ஸ்னாப்ஷாட் எடுத்ததும் அந்தப் பெரிய விடிஐ அப்படியே நின்றுவிடும். பிறகு எழுதுவதெல்லாம் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில், யூயூஐடியையே (ஒவ்வொரு வட்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெயராகக் கொண்ட தனி விடிஐ கோப்புகளுக்குப் போகும். அவற்றில் இருப்பது மாற்றங்கள் மட்டும்தான், அடியில் உள்ள வட்டு ஒரு பிட்கூட மாறாமல் இருந்தால்தான் அவை செல்லும். அதைத் தனியாக பூட் செய்தாலே லாக், தற்காலிகக் கோப்பு என்று ஏதாவது எழுதிவிடும், அப்புறம் இந்த வட்டுகளின் சங்கிலியைச் சேர்த்தால் ஃபைல் சிஸ்டம் குழம்பிப்போகும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்தே ஓட்டினீர்களா, நகலெடுத்து ஓட்டினீர்களா?

கருப்புத்திரை:
நகலெடுத்துத்தான். ஆமாம், அந்த ஃபோல்டரில் சில விடிஐ கோப்புகளும் ஒரு சாவ் (.sav) கோப்பும் இருக்கின்றன.

வட்டுப்பித்தன்:
அப்படியென்றால் தப்பித்தீர்கள். நீங்கள் உருவாக்கிய மெஷினை நீக்குங்கள், மீடியா மேனேஜரிலிருந்து அந்த வட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இதே யூயூஐடியில் வேறொரு வட்டு ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை காட்டும். பேக்கப் ஃபோல்டரை முழுதாக மறுபடி நகலெடுத்து, மெஷின் மெனுவில் ஆட் கொடுத்து, மெஷினின் அமைப்பு விவரங்கள் உள்ள விபாக்ஸ் (.vbox) கோப்பைக் காட்டுங்கள். எந்த வட்டுக்கு எது தாய் என்ற விவரம் அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. அது கெட்டிருந்தால் பக்கத்திலேயே விபாக்ஸ்-ப்ரெவ் என்று முந்தைய பிரதி இருக்கும், பெயரை மாற்றிப் பயன்படுத்தலாம்.

நள்ளிரவுக்காவல்:
சாவ் கோப்பு, அதாவது ஓடிக்கொண்டிருந்த மெஷினின் நிலையைச் சேமித்த கோப்பு, இருக்கிறது என்பதால் ஒன்று: மெஷின் சேவ்ட் என்று காட்டினால், பழைய கணினியில் இன்டெல், புதியதில் ஏஎம்டி என்ற மாதிரி சிபியு மாறியிருந்தால் அந்த நிலையிலிருந்து தொடராது, அல்லது தொடர்ந்து பாதியில் விழும். டிஸ்கார்ட் சேவ்ட் ஸ்டேட் கொடுத்துவிடுங்கள். மின்சாரம் பட்டென்று போனதற்குச் சமம் அது. மரியாடிபி இன்னோடிபி (அதன் சேமிப்பு எஞ்சின்) அட்டவணைகளை ரீடூ லாக் என்ற மாற்றப் பதிவேட்டை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளும். இன்னொன்று, மெஷின் ஓடும்போதே ஃபோல்டரை நகலெடுத்திருந்தால் கடைசி விடிஐயை மட்டும் நம்பமுடியாது. அதற்கு முந்தையவற்றில் யாரும் எழுதுவதில்லை என்பதால் கடைசி ஸ்னாப்ஷாட் வரையிலாவது மீட்கலாம்.

கருப்புத்திரை:
சேர்ந்துவிட்டது, ஸ்னாப்ஷாட் மரம் முழுதாகத் தெரிகிறது! ஸ்டேட்டை டிஸ்கார்ட் செய்து ஸ்டார்ட் கொடுத்தால் நெட்வொர்க் அடாப்டர் இல்லை என்று நின்றுவிடுகிறது.

வட்டுப்பித்தன்:
நெட்வொர்க்கை பிரிட்ஜ்டு, அதாவது கணினியின் கார்டு வழியாக மெஷினை நேரே நெட்வொர்க்கில் சேர்க்கும் முறையில், வைத்திருந்தீர்களா? அதில் பழைய கணினியின் நெட்வொர்க் கார்டு பெயர் இருக்கும். செட்டிங்ஸில் புதுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மேக் முகவரியை (மெஷினின் நெட்வொர்க் கார்டு அடையாளம்) தொடவேண்டாம், ரவுட்டரில் அதற்கு ஐபி ஒதுக்கியிருந்தால் அதுவே கிடைக்கும். ஷேர்டு ஃபோல்டர் பாதைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசிசர்வர்:
மெஷின் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும் ஓவிஏவாக எக்ஸ்போர்ட் செய்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

நள்ளிரவுக்காவல்:
ஓவிஏவில் ஸ்னாப்ஷாட் வராது, அன்றைய நிலை மட்டும்தான், மெஷினையும் அணைக்கவேண்டும். தினமும் யார் அதைச் செய்வார்கள்? கணக்கு முக்கியம் என்றால் மரியாடிபி டம்ப் (தரவு முழுவதன் நகல்) ஒன்றை தினமும் மெஷினுக்கு வெளியே அனுப்பச்சொல்லி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போடுங்கள். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப்பாக நினைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பது எனக்கு என்றுமே பிடிக்காது.

கருப்புத்திரை:
கார்டு மாற்றியதும் ஓடிவிட்டது, கடைசிப் பதிவு வரை இருக்கிறது. டம்ப் எடுத்துவிட்டேன். இனி இந்த ஸ்னாப்ஷாட்களை விர்ச்சுவல்பாக்ஸிலேயே டிலீட் கொடுத்தால் வட்டோடு சேர்ந்துவிடுமா?

வட்டுப்பித்தன்:
சேரும். கையால் கோப்பை அழிக்காதீர்கள். டிஸ்க்கில் போதிய காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நேரம் எடுக்கும்.