சோறா, எண்ணெயா: அப்பாவுக்கு எதைக் குறைப்பது?

கொள்ளிடக்கரை

அப்பாவுக்கு 61 வயது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 270, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 128. டாக்டர் "எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பா மகனோ, "எண்ணெயை விடு, சோற்றை நிறுத்து, நெய்யும் முட்டையும் கொடு" என்கிறான். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே சாப்பிடுகிறார்.

காலையில் ஐந்து இட்லி. மதியம் மூன்று சுற்று சோறு: குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு. பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி. சாயங்காலம் சர்க்கரை போட்ட டீ, கூடவே முறுக்கோ மிக்சரோ. ராத்திரி தோசை அல்லது சப்பாத்தி. முட்டை சாப்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு. முதலில் எதில் கை வைப்பது?

பேலியோ பாண்டி

சோற்றில்தான், சந்தேகமே வேண்டாம். டிரைகிளிசரைடு 270 என்றதும் எண்ணெய் என்று நினைக்கிறார்கள். நம் ஊர் ஆட்களுக்கு அது பெரும்பாலும் சோற்றில் இருந்தும் சர்க்கரையில் இருந்தும் வருகிறது. மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸ் ஆகிறது. அதைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கக் கல்லீரலில் 100 கிராம், தசையில் 400 கிராம் அளவுக்குத்தான் இடம். உட்கார்ந்தே இருக்கிற ஆளுக்கு அந்த இடம் எப்போதும் நிறைந்தே கிடக்கும். மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விட்டுவிடும்.

இன்னொன்று. கொழுப்பில் லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் அப்படி. மாவுச்சத்தில் அப்படிக் கட்டாயமானது ஒன்றுகூடக் கிடையாது. தேவைப்படும் குளுக்கோஸைக் கல்லீரலே செய்துகொள்ளும். ஐந்து இட்லி, மூன்று சுற்றுச் சோறு, தோசை எதற்கு?

ஓய்வுபெற்ற டீச்சர்

கொள்ளிடக்கரை, அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாண்டி, கல்லீரல் குளுக்கோஸ் செய்யும் என்பது சரி. மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எடுக்கும். அது கிடைக்காதபோது, கொழுப்பில் இருந்து கல்லீரல் செய்துகொடுக்கும் கீட்டோனை வைத்துச் சமாளிக்கும். பட்டினிக் காலத்துக்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதனாலேயே மாவுச்சத்து விஷம் என்று ஆகிவிடாது. ஜப்பானின் ஒகினாவாவில் அந்தக் காலத்து ஆட்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக் கிழங்குதான், நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஊர் அது.

அப்புறம், "கொழுப்பு" என்று மொத்தமாகப் பேசுவதுதான் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற உங்கள் பேலியோ ஆட்களிடம் எனக்குப் பிடிக்காதது. நெய்யில் பாதிக்கு மேல், எல்டிஎல்லை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். எல்டிஎல் 128 இருக்கிற சர்க்கரை நோயாளிக்கு நெய்யை ஊற்றச் சொல்வது எந்த ஊர் வைத்தியம்?

சம்பா விவசாயி

நம் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார், சர்க்கரை வந்ததா? பாலிஷ் போட்ட வெள்ளை அரிசியால் வந்த வினை இது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, இல்லையென்றால் வரகு, சாமை என்று மாற்றிக் கொடுங்கள். சோற்றையே நிறுத்தச் சொல்வது மேல்நாட்டு மோகம்.

பேலியோ பாண்டி

அண்ணே, உங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டிருந்தால் அவர் வசதியானவர். எங்கள் பக்கம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான், நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அதையும் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க ஏர் பிடித்தார்கள். நம் வேலை என்ன, நாற்காலியைத் தேய்ப்பது.

சிறுதானியம் என்று கம்பி கட்டுகிறவர்கள் இதையும் பார்க்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB என்ற சர்க்கரை நோய் ஆய்வு, 2025ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் எடுக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானிய மாவு என்று மாற்றினாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து, கேழ்வரகில் 70 பக்கம். ராத்திரி சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி வைத்துவிட்டு டயட் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

சம்பா விவசாயி

நார்ச்சத்து எங்கே போயிற்று? கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு தெரியுமா? 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். உங்கள் வெண்ணெயில் இருக்கிறதா அது?

ஓய்வுபெற்ற டீச்சர்

அவர் கேட்பதும் நியாயம்தான், கேழ்வரகை நானும் விடமாட்டேன். ஆனால் கேள்வி சுண்ணாம்புச் சத்தைப் பற்றி இல்லையே. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அது வேகமாகவே செரித்துச் சர்க்கரையை ஏற்றும். முழுத் தானியமாக வேகவைத்து, அளவாக, பருப்போடு சாப்பிடுவது வேறு கதை.

பாண்டி, அதே ஆய்வின் மறுபாதியைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். மாவுச்சத்தில் 5 சதவீதக் கலோரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு போன்ற தாவரப் புரதமோ பால், தயிர்ப் புரதமோ வைத்தால் அபாயம் குறைவாகத் தெரிந்தது. கொழுப்பை வைத்தால் அந்தப் பலன் தெரியவில்லை. நெய்யும் கொழுப்புதானே?

பேலியோ பாண்டி

அது கணக்கெடுப்பு, டீச்சர். ஒரே சமயத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், நோய் இருக்கிறதா என்று கேட்டு எழுதியது. எது எதனால் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மாவுச்சத்தைக் குறைத்து முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியவர்கள் எங்கள் குழுவில் எத்தனை பேர்!

ஓய்வுபெற்ற டீச்சர்

கணக்கெடுப்பு என்றால் சிறுதானியத்துக்கும் அதே விதிதான். உங்களுக்குப் பிடித்த பாதிக்கு மட்டும் அது எப்படி ஆய்வு ஆனது?

அந்த முதல் வாரத்து இரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீராவது ஒட்டிக்கொண்டிருக்கும். கிளைக்கோஜன் கரையும்போது அதுவும் சேர்ந்து போகும். பழையபடி சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வரும்.

கணக்கெடுப்பு வேண்டாம், சோதனைதான் வேண்டும் என்றால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2018ல் வெளியிட்டது இருக்கிறது. 609 பேர், ஒரு வருஷம். பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், மீதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். எடை இறங்கியது சராசரியாக 5.3 கிலோவும் 6 கிலோவும். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் சர்க்கரை, மைதாவை ஒதுக்கிக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள்.

பேலியோ பாண்டி

அது எடை. அப்பாவுக்குப் பிரச்சினை சர்க்கரையும் டிரைகிளிசரைடும். டிரைகிளிசரைடு குறைவதில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் பக்கம்தான் முன்னால் இருந்தது, அதையும் சொல்லுங்கள் டீச்சர்.

ஓய்வுபெற்ற டீச்சர்

சொல்கிறேன், இருந்தது. எல்டிஎல் எந்தப் பக்கம் குறைந்தது? கொழுப்பைக் குறைத்தவர்கள் பக்கம்.

கொள்ளிடக்கரை

மாத்திரை இரண்டு. மெட்ஃபார்மின், அப்புறம் கிளிமிபிரைடு.

ஓய்வுபெற்ற டீச்சர்

இதைத்தான் பயந்தேன். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை. இதைப் போட்டுக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், சில நேரம் மயக்கம். அதனால் சோற்றைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பேசிவிடுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையைப் பின்னால் எழுதிக் கொடுத்தால், மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிற கீட்டோ பக்கமே போகக்கூடாது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடிவிடும் ஆபத்து அதில் உண்டு.

பேலியோ பாண்டி

இதில் டீச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் குழுவிலும் மாத்திரை போடுகிறவர்களை டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க விடமாட்டோம்.

வல்வைக் கடல்

எனக்கு ஒரு சந்தேகம். யாழ்ப்பாணத்தில் சொதியும் சம்பலும் இல்லாமல் சாப்பாடு இறங்காது. தேங்காயை அடியோடு விடச் சொல்லுறீங்களா?

ஓய்வுபெற்ற டீச்சர்

விட வேண்டாம். துருவிய தேங்காயில் நார்ச்சத்தும் இருக்கிறது, இரண்டு கரண்டிக்கு மேல் யாரும் சாப்பிடுவதில்லை. கெட்டிப் பாலாகப் பிழிந்து ஊற்றும்போதும், எண்ணெயாக எடுத்துப் பொரிக்கும்போதும்தான் அளவு எங்கோ போய்விடுகிறது.

கொள்ளிடக்கரை, வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்குகிறீர்கள்?

கொள்ளிடக்கரை

நான்கு பேர். சூரியகாந்தி எண்ணெய் ஐந்து லிட்டர். நெய் அரைக் கிலோ. முறுக்கு, மிக்சர் கடையில் வாங்குவது.

ஓய்வுபெற்ற டீச்சர்

ஐந்து லிட்டர் என்பது சுமார் 4600 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் தலைக்குத் தினம் 38 கிராம். நெய்யில் ஒரு 4 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் 380 கலோரிக்குக் கிட்ட வருகிறது, கடை முறுக்கில் இருப்பது இல்லாமலே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 30 கிராமுக்குள்தான் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் டாக்டர் சும்மா சொல்லவில்லை.

பேலியோ பாண்டி

அதே வழிகாட்டியில் தானியத்தில் இருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வேண்டாம் என்றும் போட்டிருக்கிறது. அப்பாவின் மதியச் சோறு மட்டும் 150 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள், 525 கலோரி. அதோடு ஐந்து இட்லி, தோசை. 380 பெரிதா, இது பெரிதா?

ஓய்வுபெற்ற டீச்சர்

இது பெரிது. அதனால்தான் சோற்றை ஒரு சுற்றாக்கச் சொல்கிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கட்டும். மிச்ச இடத்தில் சுண்டல், கெட்டிப் பருப்பு, முட்டை, தயிர், இரண்டு மடங்கு பொரியல். பொரியலை நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ தாளிக்கலாம், ஆனால் அளந்து. முறுக்குக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அந்த டீயில் போடுகிற சர்க்கரை இன்றைக்கே போகட்டும், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

நீங்கள் அந்த இடத்தை நெய்யால் நிரப்பச் சொல்கிறீர்கள், நான் பருப்பால் நிரப்பச் சொல்கிறேன். நம் சண்டை அவ்வளவுதான்.

பேலியோ பாண்டி

பருப்பிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான் டீச்சர்.

ஓய்வுபெற்ற டீச்சர்

கூடவே 100 கிராமுக்கு 22 கிராம் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது. நெய்யில்?

சம்பா விவசாயி

அந்த ஒரு சுற்றுச் சோறாவது புழுங்கல் அரிசியாக இருக்கட்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயாமின் (வைட்டமின் பி1) அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டினால் அதெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது.

கொள்ளிடக்கரை

சரி, டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டு ஒரு சுற்றில் ஆரம்பிக்கிறேன். நெய்?

பேலியோ பாண்டி

நெய் ஒரு டீஸ்பூன் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, லிப்பிட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) இரண்டும் எடுத்து இங்கே போடுங்கள். எல்டிஎல் 128க்கு மேலே போயிருந்தால் நெய்யை நானே நிறுத்தச் சொல்கிறேன். டிரைகிளிசரைடு இறங்கியிருந்தால் டீச்சர் சோற்றை இன்னும் குறைக்கச் சம்மதிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்

சம்மதம். லிப்பிட்டை வெறும் வயிற்றில் எடுங்கள், முந்தின நாள் கல்யாண விருந்து எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைகிளிசரைடு ஏறிக் காட்டும், பாண்டி அதற்கும் சோற்றின் மேல் பழி போடுவார்.