வடமோடிக் கூத்து ஆடுறாக்கள் உதவுங்க, கணைக்கால் நோவு

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பக்கம், வயசு 34, ஒஃபிஸ்ல கதிரையில இருந்து வேல, பன்னண்டு வருசத்துக்குப் பிறகு திரும்ப வடமோடிக் கூத்து ஆடுறன். சட்டம் குடுத்து (ஆடுறாக்களுக்குப் பாத்திரமும் பாட்டும் பிரிச்சுக் குடுக்கிறது) மூணு மாசம், ஆனா மழையால மண் களரி (கூத்தாடுற இடம்) சரிவரல்ல எண்டு மண்டபத்துச் சீமெந்துத் தரையிலதான் ராவில ரெண்டு மணித்தியாலம் பழக்கம், அதுவும் வெறுங்கால்.

ஆறு கிழமையா ரெண்டு கணைக்கால் எலும்புட (முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு) உள்பக்கமும் நோகுது. வீசாணம் எண்ட ஆட்டம் ஓரளவு ஆடலாம், குத்துமிதி, பாய்ச்சல் எண்ட ஆட்டங்கள் வந்தா உயிர் போகுது, விரலால அமத்தினா எலும்பு நீட்டுக்கும் நோவு, வீக்கம் இல்ல. காலையில எழும்பி முதல் நாலடி வைக்கக்குள்ள மோசம் (கூத்தில ஆடுற நாலடி ஆட்டம் இல்ல, வீட்டுக்குள்ள நடக்கிற நாலடி).

ஐஸ் வச்சன், எண்ணெய் தடவினன், பண்டேஜ் கட்டினன், எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லயாம். ஒரு கிழம ஆடாம இருந்தா குறையும், திரும்ப ஆடினா மூணாம் நாள் அதே கதைதான். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் "உடம்பு பழகல்ல தம்பி, ஆடு சரியாகும்" எண்டுறார், எனக்கு அதில நம்பிக்கை இல்ல.

சதங்கை அணிய (ஆடுறாக்களுக்குக் கால்ல சதங்கை கட்டுற விழா) இன்னும் அஞ்சு கிழம இருக்கு. இப்படி வந்து தேறினாக்கள், பழக்கத்த முழுசா நிப்பாட்டினீங்களா, இல்ல குத்துமிதிய மட்டும் விட்டுட்டு ஆடினீங்களா?