அம்மாவின் கை முறிவு: பொலிஸ் நிலையத்தில் சமரசத்துக்குக் கையொப்பமிடலாமா?

கேள்வி – தெஹிவளைவாசி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலி வீதியில், பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த எங்கள் காரின் பின்புறத்தில் வேன் ஒன்று மோதியது. பம்பரும் டிக்கியும் நசுங்கிவிட்டன. பின் ஆசனத்தில் இருந்த அம்மா முன்னே சரிந்து கையை ஊன்றியதால் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, தனியார் வைத்தியசாலையில் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு 58 வயது. வீட்டிலிருந்தே சாரி பிளவுஸ் தைத்து உழைப்பவர்.

வேன் உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசுகிறார். கார் திருத்தும் செலவையும் இதுவரையான வைத்தியசாலைக் கட்டணத்தையும் தருவதாகவும், அதற்குப் பதிலாக "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பொலிஸில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் கேட்கிறார். எங்கள் காருக்கு முழுக் காப்புறுதி உண்டு. லீசிங் இன்னும் முடியவில்லை. வழக்கென்றால் இழுபடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது நல்லது?

பதில் 1 – காப்புறுதித் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்

சகோதரி, காரையும் கையையும் முதலில் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே கையொப்பத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் இந்தச் சமரசத்தின் சிக்கல்.

காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு இன்னும் அறிவிக்காவிட்டால் இன்றே அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் கராஜில் எதையும் கழற்ற விடாதீர்கள். உங்களுக்கு நட்டஈடு கொடுத்தபின் அந்தத் தொகையை வேன் தரப்பிடம் அறவிடும் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு உண்டு. அவர்களைக் கேளாமல் நீங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினால், அதையே காரணமாக்கி உங்கள் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. உங்கள் பொலிசியில் கோரினால் எக்ஸஸ் தொகையை (நட்டத்தில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கை) நீங்கள் ஏற்க வேண்டும், நோ கிளைம் போனஸும் (கோரிக்கை இல்லாத வருடங்களுக்காகக் கிடைக்கும் கட்டணக் கழிவும்) பாதிக்கப்படலாம். ஆகவே சேதம் சிறியதென்றால் வேன் தரப்பின் காப்புறுதியிடம் நேரடியாகக் கோருவது இலாபமா என்று கணக்குப் பாருங்கள். லீசிங் நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். சொந்த நிறுவனத்தோடு முரண்பாடு வந்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

பதில் 2 – புதுக்கடைச் சட்டத்தரணி

மேலே சொன்னவை சரி. கையைப் பற்றி நான் சொல்கிறேன்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதே, இப்படியான மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் அம்மா அந்த வேனைப் பொறுத்தவரை மூன்றாம் தரப்பு. வேன் உரிமையாளர் தன் பையிலிருந்து சிறு தொகை தந்து முடிப்பதைவிட, அவருடைய காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் பொலிசி இலக்கத்தையும் பெறுவது முக்கியம். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அந்த நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் தீர்ப்புக் கிடைத்தாலும் நிறுவனத்திடம் பணம் பெறுவது கடினம்.

தண்டனைச் சட்டக்கோவையின்படி எலும்பு முறிவு பாரதூரமான காயம். தனியார் வைத்தியசாலைக்குப் போனதால் பலர் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு: பொலிஸிடம் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கேட்டுப் பெற்று, காயத்தை நீதிமன்றத்துக்காகப் பரிசோதித்து அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியிடம் அம்மாவைக் காட்டுங்கள். பிளாஸ்டர் கழற்றும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவசரப்பட்டுக் கையொப்பமிடத் தேவையில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கைத் தொடர விபத்துத் திகதியிலிருந்து 2 வருடங்கள் உண்டு. அதே வேளை, அந்த 2 வருடத்தைப் பேச்சுவார்த்தையில் கரைத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராக நடப்பது வேறு வழக்கு. அங்கே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது உங்களுக்கு உதவும், ஆனால் அந்த வழக்கு நடப்பதால் 2 வருடக் கணக்கு நின்றுவிடாது.

அம்மா ஆசனப்பட்டி அணிந்திருந்தாரா என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். காயமடைந்தவரின் கவனக்குறைவும் காரணம் என்று நீதிமன்றம் கண்டால், 1968ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். முற்றாக இல்லாமல் போகாது.

பதில் 3 – கொட்டாஞ்சேனையிலிருந்து

எங்கள் அப்பாவுக்கு முழங்கால் முறிந்தபோது சத்திரசிகிச்சைச் செலவைவிட அதன்பின் வந்த பிசியோதெரபிச் செலவே எங்களை வாட்டியது. மணிக்கட்டும் அப்படித்தான், பிளாஸ்டர் கழற்றியபின் விரல் மடங்குகிறதா, கத்தரிக்கோல் பிடிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் நட்டம் எவ்வளவு என்றே தெரியும். அம்மாவிடம் தையல் ஓடர் எழுதும் கொப்பி இருக்குமே, அதைப் பத்திரப்படுத்துங்கள். யாருக்கு, எத்தனை பிளவுஸ், எவ்வளவு கூலி என்று மாதக்கணக்கில் எழுதியிருந்தால் வருமானத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பார்மசி பில்கள் சில மாதங்களில் வெளிறி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோப்பிரதி எடுங்கள்.

பொலிஸ் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதியிருந்தால், முழுவதையும் வாசித்து விளக்கச் சொல்லாமல் கையொப்பமிட வேண்டாம்.

தெஹிவளைவாசி

அனைவருக்கும் நன்றி. கொப்பி இருக்கிறது. இன்னும் ஒன்று: வைத்தியசாலைக் கட்டணத்தை மட்டும் இப்போது அவரிடம் வாங்கினால் பிறகு கோர முடியாமல் போகுமா?

பதில் 2 – புதுக்கடைச் சட்டத்தரணி

வாங்கலாம். ஆனால் பற்றுச்சீட்டில் திகதி, தொகை ஆகியவற்றோடு, "இது இன்றுவரையான வைத்தியசாலைக் கட்டணத்துக்கான பகுதிக் கொடுப்பனவு மட்டுமே, காயம் தொடர்பான ஏனைய கோரிக்கைகளும் உரிமைகளும் பாதிக்கப்படா" என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். "பூரண, இறுதித் தீர்வு" என்ற சொற்கள் எங்கேனும் இருந்தால் அந்தத் தாளில் கையொப்பமிட வேண்டாம். இந்த வாசகத்துக்கு அவர் சம்மதிக்காவிட்டால் பணத்தை மறுத்துவிட்டு, கட்டணத்தை நீங்களே செலுத்தி, பில்லின் மூலப்பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்தே பிறகு கோரலாம். சட்டத்தரணிக் கட்டணம் சுமையாக இருந்தால், புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அம்மாவின் வருமான விபரத்தோடு போய்க் கேளுங்கள்.