ஒரு மண்டலம் முகநூல் இல்லாமல்: விரதமா, வசதியா?

கரிசல்காடு:
போன ஆடியில் அப்பா தவறினார். பதினாறாம் நாள் காரியத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார்கள். கையை நீட்டிக்கொண்டிருந்தபோதே வேட்டி மடிப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. முடிந்ததும் ஈரத்துண்டோடு நின்றபடியே எடுத்துப் பார்த்தேன். அப்பாவுக்குப் போட்ட அஞ்சலிப் பதிவில் 212 பேர் கண்ணீர்ப் பொம்மை. அதற்கு முந்தின மாதம் வீட்டு நாய்க்குட்டி படத்துக்கு 340. இரண்டையும் மனசு ஒரு நொடியில் கணக்குப் பார்த்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது.

அன்று ராத்திரியே முகநூலையும் இன்ஸ்டாவையும் முடக்கினேன். ஒரு மண்டலம், 48 நாள். (முகநூலில் 'டெலிட்' கொடுத்தால் 30 நாளுக்குள் திரும்பி வந்து ரத்து செய்தால்தான் கணக்கு பிழைக்கும். மண்டலக் கணக்குக்கு 'டீஆக்டிவேட்'தான் சரி. பார்த்து அமுக்குங்கள்.) முதல் வாரம் கை தானாகப் போனது. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பொங்கும்வரை சும்மா நிற்கக்கூட மறந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் பத்து மணிக்குத் தூக்கம் வந்தது.

என் கருத்து: எல்லாரும் வருடத்துக்கு ஒரு மண்டலம் இருந்தே ஆகவேண்டும். சாக்குச் சொல்பவர்கள் அடிமைகள்.

டீக்கடை பெஞ்ச்:
மாலையைக் கழட்டின கையோட ஒயின்ஷாப் போற சாமி மாதிரி, விரதம் முடிச்ச மறுநாளே பதிவு போட்டு லைக் எண்ண வந்துட்டீங்களே தலைவா.

சுங்குடி அக்கா:
அண்ணே, அப்பா காரியத்துல நடந்ததைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. ஆனா கடைசி வரிய ஏத்துக்க முடியல. யாரு அடிமை? நான் சின்னாளப்பட்டி. சேலை வித்து ரெண்டு பிள்ளைகள படிக்க வைக்கிறேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. மொட்டை மாடிக் கொடியில சேலைய விரிச்சு, காலைல எட்டு மணி வெயில்ல எடுத்தாத்தான் அரக்கு அரக்கா விழும். உச்சி வெயில்ல எடுத்தா செங்கல் மாதிரி தெரியும், "போட்டோல ஒண்ணு, பார்சல்ல ஒண்ணு"ன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அந்தப் போட்டோவ இன்ஸ்டாவுலயும் ஸ்டேட்டஸ்லயும் போட்டாத்தான் அன்னைக்கு யாவாரம். 48 நாள் மூடினா வாடிக்கை வேற அக்காகிட்ட போயிரும். உங்களுக்கு ஒண்ணாந்தேதி ஆனா பேங்க்ல சம்பளம் விழுது. விரதம் இருக்கலாம்.

அரைத்தூக்கம்:
அக்கா சொல்றது பிழைப்பு, கரிசல் சொல்றது பழக்கம். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். 2018ல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நாலு வாரம், ஹன்ட் ஆல்காட் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் குழு, ஆளுக்கு 102 டாலர் கொடுத்து முகநூலை மூடச் சொன்னது. 2020ல் ஆய்வு வெளியானது. நாளைக்குச் சராசரியா ஒரு மணி நேரம் மிச்சம். மனநிலை கொஞ்சம் தேறியது, கொஞ்சம்தான். கட்சிக்காரர்களின் முறுக்கு தணிந்தது, கூடவே நாட்டு நடப்பு தெரிவதும் குறைந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு எங்கே போச்சுன்னு நினைக்கிறீங்க? தனியா உட்கார்ந்து டிவி பார்ப்பதில்! நம்ம ஊரில் செய்தால் சீரியலுக்குத் தாவியிருப்பார்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இழுக்க இழுக்க முடிவே வராத திரையை 2006ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னால் அதற்காக வருத்தப்பட்டார். முன்னெல்லாம் பக்கம் முடியும், 'அடுத்து' என்று அமுக்கணும், அந்த இடத்தில் கை கொஞ்சம் யோசிக்கும். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களை விட்டுவிட்டு, மாட்டிக்கொண்டவனிடம் மன உறுதியைப் பற்றிப் பாடம் நடத்துவது என்ன நியாயம்?

கரிசல்காடு:
அக்கா, 'அடிமை' என்றது தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? முகநூல், இன்ஸ்டா, வாட்ஸப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. என்ன குடி முழுகிப் போச்சு?

சுங்குடி அக்கா:
நம்மூர்ல அது ராத்திரி ஒம்பதுக்கு மேல. உங்களுக்குத் தூங்குற நேரம். அந்த வருசம் தீபாவளி நவம்பர் 4, சரியா ஒரு மாசம்தான் பாக்கி. பிள்ளைகள படுக்கப் போட்டுட்டு, கேட்டவங்களுக்கெல்லாம் போட்டோ அனுப்ப உக்காந்திருந்தேன். குடி முழுகலதான், ஒத்துக்கிறேன். ஆனா அன்னைக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. மூணு வருசமா வாங்குறவங்களோட பேரு கூட எனக்குத் தெரியல. போன்ல "மஞ்சப் புட்டா திருச்சி", "கோவை டீச்சர் 2 சேலை"ன்னுதான் இருக்கு. விடிஞ்சதும் பையனோட கோடு போட்ட நோட்டு ஒண்ணுல எல்லா நம்பரையும் கையால எழுதினேன். 140. இன்னும் அரிசி டின்னு மேல இருக்கு.

சரி, நான் ஒண்ணு கேக்குறேன். 48 நாளும் வாட்ஸப்பையும் மூடினீங்களா?

கரிசல்காடு:
இல்லை. ஆபீஸ் குரூப் அதில்தான் இருக்கிறது.

டீக்கடை பெஞ்ச்:
முட்டை சைவம்.

வடமராட்சி:
அண்ணை, விரும்பி விடுறது வேற, பறிச்சு எடுக்கிறது வேற. 2018 மார்ச்சில கண்டிப் பக்கம் முஸ்லிம் சனத்துக்கு எதிரா வன்முறை நடக்கேக்க எங்கட அரசாங்கம் முகநூலை மறிச்சது. அதில பரவின வெறுப்பைப் பார்த்தால் அந்த நேரம் எனக்கும் சரி எண்டுதான் பட்டது, பொய் சொல்லேல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுக்குப் பிறகு திரும்பவும் மறிச்சாங்கள். கொழும்பில இருந்த சொந்தக்காரரை ஒவ்வொருத்தராப் போன் எடுத்துத்தான் விசாரிச்சம். 2022 ஏப்ரல் 3, சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில நிண்ட காலம், போராட்டம் எண்டதும் மறுபடி பூட்டு. அண்டைக்கே திறந்திட்டாங்கள். ஆனா அதுக்கிடையில எங்கட அம்மம்மாவும் தடையைத் தாண்டிப் பார்க்க வீபிஎன் போடப் பழகிட்டா. அதுக்குப் பிறகு ஆரும் "எல்லாரும் மூடவேணும்" எண்டு தொடங்கினால் எனக்கு வயித்தைக் கலக்கும். நீங்கள் மூடுங்கோ. "எல்லாரும்" வேண்டாம்.

ஓய்வூதியன்:
தம்பி, எனக்கு 71 வயது. மனைவி இல்லை, மகன் நியூஜெர்சியில். நாங்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களை உங்கள் வயதுக்காரர்கள் கிண்டல் செய்வது தெரியும். ரோஜாப்பூ, முருகன், உதயசூரியன் (கட்சி இல்லை, நிஜச் சூரியன்). எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற பதினொரு பேருக்கு ஒரு குழு இருக்கிறது. அந்தப் படம் எங்களுக்கு வருகைப் பதிவேடு. ஏழரை மணிக்குள் படம் வராதவர் வீட்டுக்கு எட்டு மணிக்குப் போன் போகும்.

போன கார்த்திகையில் ஒருநாள் டிராயிங் மாஸ்டர் படம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அடுத்த தெருவிலிருக்கும் பி.டி. மாஸ்டர் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து முனகல். குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியற்காலையிலிருந்து ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். தினமும் அதே முருகன் படத்தைத்தான் அனுப்புகிறார், மாற்றத் தெரியவில்லை. யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

உங்களை ஒன்று கேட்கிறேன். 48 நாளில் உங்களைக் காணோமென்று எத்தனை பேர் தேடினார்கள்?

கரிசல்காடு:
மூன்று பேர் சார். ஒருவர் கைமாற்று கேட்க. ஒருத்தி என் தங்கை. மூன்றாவது ஆள் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர், அவருக்கு முகநூலே கிடையாது. முக்கால் மணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினார். மில் டீமில் அப்பா கபடி ஆடியது எனக்கு அன்றுதான் தெரியும். முன்பாக இருந்தால் "அப்புறம் கூப்பிடுறேன் மாமா" என்று வைத்திருப்பேன்.

வடமராட்சி நண்பர் சொன்ன "எல்லாரும்" என்பதை எடுத்துவிடுகிறேன். ஆனால் விட முடிகிறவர்கள் விட்டே ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றமில்லை.

அரைத்தூக்கம்:
விட முடியுமா முடியாதான்னு யார் முடிவு பண்றது? நீங்களா?

சுங்குடி அக்கா:
விடுங்க தம்பி, அவரு மனசு அவருக்கு. எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை கூரியர் எடுக்க மாட்டாங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அணைச்சு வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். அவசரம்னா நோட்டு இருக்கு. சார், நீங்களும் சேந்துக்கிறீங்களா?

ஓய்வூதியன்:
ஞாயிறு வேண்டாம் அம்மா. அன்றைக்குத்தான் பேரன் வீடியோவில் வருவான். செவ்வாய் என்றால் பார்க்கலாம். அதுவும் ஏழரை மணிக்குப் பிறகு.